பாதி முகக் கடைக்காரர்

முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, "காலையில வயிறு ஒழுங்கா போச்சா?" என்று கேட்பார். வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்பதால் தலையைத்தான் ஆட்ட முடியும். "கூச்சப்படாதீங்க. மூடி மூடி வச்சுத்தான் நான் கெட்டேன்" என்பார், எங்கள் தெரு சலூன்காரர்.

அவர் மூடி வைத்த காலம் எனக்குத் தெரியும். பெருங்குடலில் புண். எப்போது வயிறு முறுக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒரு கன்னம் மழித்து முடிந்திருக்கும். "இதோ வந்துட்டேன்" என்று பின்கதவு வழியாக ஓடுவார். நுரை காய்ந்து தோலை இழுக்கும்வரை நாங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். தெருவில் அதற்குப் 'பாதி முகக் கடை' என்றே பெயர். அவரும் சேர்ந்து சிரிப்பார். மலத்தோடு ரத்தம் போகிறது என்பதை மட்டும் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மகளின் கல்யாணப் படங்களில் பாதிக்குமேல் அவர் இல்லை. மண்டபத்துக் கழிவறையில் இருந்தார்.

புது மாத்திரை ஒன்றைச் சோதிக்க ஆட்கள் தேவை என்று மருத்துவர் சொன்னபோது மனைவி மறித்தார்.

"எலிக்குக் குடுத்துப் பாக்குறத உங்களுக்குக் குடுக்கப் போறாங்க!"

"எலியாவது நிம்மதியா சாப்பிடுதே" என்று சொல்லிவிட்டு ஆய்வில் பெயர் கொடுத்துவிட்டார்.

சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை மருத்துவருக்கும் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் குணம் மருந்தால் வந்ததா என்று சொல்ல முடியுமாம். மருத்துவமனையில் காத்திருந்த இடத்தில், அதே நோயோடு ஆய்வுக்கு வந்த ஒரு வெல்டிங்காரர் சிநேகிதமானார். மற்றவர்கள் சினிமா பேசுவதுபோல் இருவரும் மலத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக இவருக்கு ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. வெல்டிங்காரரோ இளைத்துக்கொண்டே போனார். கடைசியில் விவரம் சொன்னார்கள்: இவருக்குக் கிடைத்தது மருந்து; அவருக்கு வெறும் மாத்திரை.

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "என் பங்குக் கஷ்டத்தையும் நீங்கதான்யா பட்டிருக்கீங்க."

"நான் என்னத்தப் பண்ணேன்? சும்மா இருந்தேன்" என்றார் வெல்டிங்காரர். "இனிமே எனக்கும் நெஜ மாத்திரை தராங்களாம். அழாதீங்க, வயித்தக் கலக்கிடும்."

இப்போது அவருக்கும் தேவலையாம். ஆனாலும் இவர் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், "யாரோ பத்துப் பேரு வெறும் மாத்திரைய முழுங்கினாங்க, எனக்கு இது எறங்குது" என்று சொல்லாமல் சாப்பிடுவதில்லை. மனைவி, "ஆறிப்போகுது, நன்றிய அப்புறம் சொல்லுங்க" என்பார்.

போன வாரம் பரிசோதனைக்கு அவரோடு நானும் போயிருந்தேன். அங்கே கழிவறைக் கதவை ஒட்டிய நாற்காலிக்குத்தான் கிராக்கி. பழக்க தோஷத்தில் இவர் நேராக அதில் போய் உட்கார்ந்தார். அடுத்த ஆய்வில் சேர வந்த ஒரு பெண், கைப்பையை வயிற்றோடு அழுத்தியபடி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். இவர் எழுந்தார். கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்து, "இங்க வாம்மா" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு கூடத்தின் மறுகோடிவரை நடந்து, கடைசி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.