அப்பாவுக்கு நீட்டிய இடது கை

சாரணர் படையில் சேர்ந்திருக்கும் என் மகன், நேற்றுப் பள்ளியிலிருந்து வந்ததும் கைகுலுக்க இடது கையை நீட்டினான். அப்பாவை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் அப்பா வில்லாபுரத்தில் புரோட்டா மாஸ்டர். நானும் சேர்ந்திருந்த எங்கள் பள்ளிச் சாரணர் படைக்கு முகாம் வந்தால் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மூன்று நாளும் சமைத்துப் போடுவார். நான் ஏழாவது படிக்கும்போது அவருக்குச் சிறந்த தொண்டர் பதக்கம் அறிவித்தார்கள். புது வேட்டி கட்டி மேடையேறினார். பதக்கத்தைச் சட்டையில் குத்திவிட்ட அதிகாரி, இடது கையை நீட்டினார்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

“சோத்துக் கையக் குடுங்க சார். நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்று கேட்டார். மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

அதிகாரி பதறிவிட்டார். “அண்ணே, சாரணர் வழக்கமே இதுதாண்ணே. இதயத்துக்குப் பக்கத்துல இருக்க கை.”

அப்பா நம்பாமல், முன்வரிசையிலிருந்த என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதன் பிறகே இடது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டினார்.

“இம்புட்டு நாளா ஏண்டா சொல்லல?” என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் உசிலம்பட்டியிலிருந்து மாமா வந்தார். “வாங்க மச்சான்” என்று அப்பா பெருமையாக இடது கையை நீட்டினார். மாமா காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அம்மா உசிலம்பட்டிக்கே போக வேண்டியதாயிற்று.