ஏழு தப்படியில் வெர்னா

எங்கள் பக்கத்து மலைகளில் நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும் நாளன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். விடாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை. பிள்ளைகளை ஏற்றிப் போகும் பேருந்தை ஓட்டுகிற வெர்னா ஹாஸ்டெட்டரே துப்பாக்கியோடு காட்டில்தான் இருப்பாள்.

அந்தத் துப்பாக்கிதான் ஊரின் கேலிப் பொருள். ஒரு ஜனவரிக் காலையில் பேருந்தின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும்போது வழுக்கி விழுந்து வெர்னா வலது தோளை உடைத்துக்கொண்டாள். மருத்துவர் நான்கு திருகாணிகளை உள்ளே வைத்துத் தைத்தார். "இனிமே ரைஃபிள் உதைச்சா இந்தத் தோள் தாங்காது" என்றும் சொல்லி அனுப்பினார். அவள் அழவில்லை. ரைஃபிளை விற்றுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சுடுகிற பெரிய ரிவால்வர் ஒன்றை வாங்கி வந்தாள். அது உதைத்தால் மணிக்கட்டு மேலே எழும்பும். தோளுக்கு ஒன்றும் ஆகாது.

களஞ்சியத்துக்குப் பின்னால் காகிதத் தட்டை மாட்டி வைத்துக் கோடை முழுக்கச் சுட்டுப் பழகினாள். இருபத்தைந்து தப்படியில் ஆறு குண்டும் தட்டுக்குள் விழுந்தன. ஐம்பதில் இரண்டுதான் விழுந்தன. அன்றே முடிவு செய்துவிட்டாள்: இருபத்தைந்துக்கு மேல் ஒரு தப்படி கூடினாலும் சுடுவதில்லை. காயம்பட்ட மான் எங்கேயோ ஓடிப்போய்ச் சாவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் கணவன் மெர்ல் கேலி செய்யவில்லை. அவன் தம்பி டுவைட்தான் விடவில்லை. டுவைட்டின் ரைஃபிளில் முழங்கை நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி இருக்கும். எதிர்மலையில் நிற்கிற மானின் கண்ணிமை தெரியும் என்பான்.

"வெர்னா, அதை வெச்சுச் சுடறதுக்கு நீ முதல்ல மான்கிட்ட அனுமதி கேக்கணும். 'கொஞ்சம் இப்படி வந்து நில்லுப்பா'ன்னு."

"கேப்பேன். நீ கேட்டாத்தான் வராது. உன் மேல வெங்காய நாத்தம்."

முதல் வருடம் நல்ல மான் ஒன்று அறுபது தப்படியில் அரை மணி நேரம் நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருடம் மான் கிட்டே வந்த நேரத்தில் அவள் வயிறு கடமுடாவென்று சத்தம் போட, அது ஓடிவிட்டது. மூன்றாம் வருடம் ஒரு பெண் மான் முதுகுப் பக்கமாக வந்து காதருகே 'புஃப்' என்று மூச்சுவிட, கையிலிருந்த சூடான காப்பி மடியில் கொட்டியது. டுவைட் அந்தக் கதையைக் கிறிஸ்துமஸ் வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

நான்காம் வருடம் நல்ல பனி விழுந்திருந்தது. ஓடைக்கு மேலே ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தில் முதுகைச் சாய்த்து வெர்னா உட்கார்ந்தாள். டுவைட் அதே சரிவின் உச்சியில். மெர்லும் பக்கத்து வீட்டுக்காரனான நானும் கீழே ஓடைப் பக்கம். காற்று மேலிருந்து அவள் முகத்துக்கு வீசியது, அவள் வாடை மேலேயிருந்து வரும் மானுக்கு எட்டாது.

பத்து மணி வாக்கில் மேலே ஏதோ அசைந்தது. ஓர் ஆண் மான் தலையைத் தாழ்த்தி, திருடன் போல அடிமேல் அடி வைத்து இறங்கி வந்தது. எட்டு முனைக் கொம்பு. நான்கைந்து அடி வைக்கும். நின்று பின்னால் திரும்பிப் பார்க்கும். இவளைப் பார்க்கவேயில்லை. நாற்பது தப்படி. முப்பது. இருபது. அப்போதே சுட்டிருக்கலாம். ஆனால் துப்பாக்கி மடியில் கிடந்தது. கையை அசைத்தால் காரியம் கெட்டுவிடும்.

வழியில் ஒரு பருத்த பீச் மரம் நின்றது. மானின் தலை அதற்குப் பின்னால் மறைந்த நொடியில் துப்பாக்கியை உயர்த்தி, சுடத் தயாராக அதன் பின்பக்கச் சுத்தியலை மெல்லப் பின்னால் இழுத்தாள். அந்த 'க்ளிக்' சத்தம் அவளுக்குக் கதவை அறைந்தது போலக் கேட்டதாம். மான் மரத்தைத் தாண்டி வந்து நின்றது. அதன் மூக்கிலிருந்து வந்த ஆவி தெரிந்தது. மீசை மயிரில் ஒட்டியிருந்த பனித்துளி தெரிந்தது. தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்துச் சுட்டாள்.

மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். பத்து நிமிடம் பனியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ரத்தத் தடம் பிடித்துப் போனபோது அறுபது தப்படியில் அது விழுந்து கிடந்தது, துடிப்பு அடங்கியிருந்தது. கையுறையைக் கழற்றி அதன் கழுத்தைத் தடவினாள். மூன்று வருடமாகக் காத்திருந்தவளுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

சத்தம் கேட்டு மெர்லும் நானும் கீழேயிருந்து ஏறி வந்தோம். டுவைட் மேலேயிருந்து சறுக்கிக்கொண்டே வந்தான்.

"எத்தனை குண்டு?"

"ஒண்ணு."

"எவ்வளவு தூரம்?"

"ஏழு தப்படி."

"எழுபதா?"

"காது கேக்கலையா? ஏழு."

"ஏழு தப்படியில மான் நிக்காது வெர்னா. நின்னா அது மாடு. நல்லாப் பாரு, கழுத்துல மணி இருக்கான்னு."

மரத்தடிக்குத் திரும்பிப் போனோம். வெர்னா உட்கார்ந்த இடம் பனியில் அச்சாகப் பதிந்திருந்தது. அங்கிருந்து குளம்படி வரை டுவைட் தன் நெட்டைக் காலால் அளந்தான். ஆறுதான் வந்தது.

"பாத்தியா, ஒண்ணு கூட்டிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றாள் வெர்னா.

அதோடு விட்டிருக்கலாம். "இப்படி ஒரு முட்டாள் மான் எங்கேருந்து வந்துதுன்னு பாத்தே ஆகணும்" என்று டுவைட் குளம்படித் தடத்தைப் பிடித்து மேலே ஏறினான். நாங்களும் பின்னாலேயே போனோம். தடம் உச்சியை ஒட்டி விழுந்துகிடந்த ஓக் மரத்தின் கிளைகளுக்குள் போய் முடிந்தது. அங்கே பனி உருகி, மான் படுத்திருந்த பள்ளம் முட்டை வடிவில் தெரிந்தது. விடிந்ததிலிருந்து அது அங்கேயே படுத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பார்த்தால் எதிரே டுவைட்டின் மடக்கு நாற்காலி. பக்கத்தில் பாதி தின்ற ரொட்டி. மெர்ல் அளந்தான். பதினேழு தப்படி.

டுவைட் பள்ளத்தையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் அந்தப் பக்கத்து மலையைப் பாத்துட்டிருந்தேன்" என்றான்.

"இங்க ஒருத்தன் உன்னையே பாத்துட்டிருந்திருக்கான்" என்றான் மெர்ல். அன்றைக்கு அவன் பேசிய முதல் வாக்கியம் அது. "உன் குறட்டை பொறுக்க முடியாமத்தான் எழுந்து வந்திருக்கு, பாவம்."

வெர்னா சிரிக்க ஆரம்பித்தாள். தோளைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்து சிரித்தாள். கடைசியில் டுவைட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மானைச் சாலை வரை அவனேதான் இழுத்து வந்தான். யாரையும் தொட விடவில்லை.

அடுத்த ஞாயிறு ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எல்லாரும் கூடும் காலை விருந்தில் இந்தக் கதையைச் சொன்னதும் டுவைட்தான். ஆனால் மான் படுத்திருந்த இடம் தன் நாற்காலியிலிருந்து நாற்பது தப்படி தள்ளி என்றான். பிப்ரவரியில் அது நூறாகிவிட்டது. ஏப்ரலில் அந்த மான் அடுத்த மாவட்டத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது. வெர்னா ஒருமுறையும் திருத்தவில்லை. இன்னும் இரண்டு பான்கேக் எடுத்து அவன் தட்டில் வைத்து, "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள்.