குதிரைகளுக்குத் தண்ணீர் இறைத்தவர்: தேவதானம் போய் வந்த கதை

1984 ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து தேவதானம் போனேன். முதல் உலகப் போரில் குதிரைப் படையோடு பாலஸ்தீனப் பாலைவனத்துக்குப் போன தன் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்கத்தான் அம்மா கிளம்பினாள். அவர் கப்பலேறியபோது அம்மா பிறந்திருக்கவில்லை. யுத்தத்தில் போய்விட்டார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவரோடு படையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் தேவதானத்தில் இன்னும் இருக்கிறார் என்று கல்யாண வீடொன்றில் காதில் விழுந்தது. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. மறுவாரமே பையை எடுத்துவிட்டாள்.

காலை ஆறு மணி பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ராஜபாளையம் அரை மணி. தேவதானம் பஸ்ஸில் மில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அம்மாவுக்கு மட்டும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

"யார் வீட்டுக்கு?" என்றார் கண்டக்டர்.

"பட்டாளத்துல குதிரை பார்த்த வேலுச்சாமி வீட்டுக்கு."

"அவியளையா? நேத்துத்தான் ஆஸ்பத்திரில முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக. வெரசாப் போங்க."

அம்மா ஊர் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வேலுச்சாமி நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார். "செத்த நேரந்தான் பேச முடியும்" என்று மருமகள் எச்சரித்தாள்.

"சித்தப்பா, சுந்தரபாண்டியம் கருப்பையா மக நான்."

அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டப்புள்ளையா? பையன் பொறப்பான்னு எங்கிட்டப் பந்தயம் கட்டியிருந்தான்."

அம்மா சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மணலில் லாரி புதைந்துவிடும். அதனால் சண்டை முழுக்கக் குதிரைகளை நம்பியே நடந்தது. எதிரி பின்வாங்கும்போது வழியிலிருந்த கிணறுகளுக்கு வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனான். இரண்டு நாள் குதிரைகளுக்குத் தண்ணீரே இல்லை. நாக்கு தடித்து வாயை மூட முடியாமல் நடந்தன. விழுந்ததைச் சுட்டுவிட்டு மற்றவற்றோடு மேலே போனார்கள்.

"மூணாம் நாள் ஒரு கெணறு கெடச்சது. பாதி தூந்து கெடந்துச்சு. ஒங்கய்யா கயித்தைப் பிடிச்சு எறங்கிக் கல்லை அள்ளி அனுப்பினான். பொறவு தண்ணி வந்துச்சு. வாளி மேல வந்ததும் வாடை பிடிச்சிருச்சு தாயி. அம்புட்டுக் குதிரையும் கட்டை அத்துக்கிட்டு ஓடியாந்துச்சு. கெணத்து ஓரம் தாங்கல. உள்ள நின்ன ஒங்கய்யா மேலயே சரிஞ்சிருச்சு."

மருமகள் அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கே அவனை எடுத்து அங்கயே பொதைச்சோம். வேற கெணறு இல்ல. அதையே திரும்பத் தோண்டித்தான் மிச்சக் குதிரைக்குத் தண்ணி காட்டினோம். நாங்களும் அதைத்தான் குடிச்சோம்."

நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். அம்மா அசையவில்லை.

"எங்கய்யா குடிச்சாரா, சித்தப்பா?"

"குடிச்சான். வாளியை அனுப்புறதுக்கு முந்தி அள்ளிக் குடிச்சிட்டு, 'ஏலே, இனிக்குதுலே'ன்னு கீழ கெடந்து கத்தினான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சண்டை முடிந்ததும் குதிரைகளை என்ன செய்தார்கள் என்று நான் கேட்டேன். வயதானவற்றின் லாடத்தைக் கழற்றி, பிடரி மயிரையும் வால் மயிரையும் நறுக்கி எடுத்துக்கொண்டு, வரிசையாக நிறுத்திச் சுட்டார்களாம். கப்பலில் இடமில்லையாம். அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆடி பிறப்பதற்குள் அவரும் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

இதே மாதிரி யாரையாவது தேடிப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்கு மேல் வயதானவர்களுக்குப் பேசத் தெம்பு இருக்காது. தேவதானத்தில் அப்போது சாப்பாட்டுக் கடை கிடையாது. ராஜபாளையத்திலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. எந்தச் சண்டை, எந்தப் பதக்கம் என்றே நான் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி அம்மாவிடம்தான் இருந்தது.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியே ஆக வேண்டும் என்றாள் அம்மா. நேராகத் திருமுக்குளத்துக்குப் போனாள். கரையில் திதி கொடுத்து வைப்பவர் நேரம் கடந்துவிட்டதென்று தயங்கினார். அம்மா நகரவில்லை.

"எறந்த திதி என்னம்மா?"

"தெரியாதுங்க."

"எந்த ஊர்ல?"

"பேரு தெரியாது. தண்ணி இல்லாத ஊரு."

அவர் என் கையில் எள்ளை வைத்தார். நான் தண்ணீர் விட்டேன். மூன்று தடவை போதும் என்றார் அவர்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா" என்றாள் அம்மா.