பின்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு

பேஸ்போல் எப்படி விளையாடுவது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு பேஸ்போல் கார்டு போன செவ்வாய்க்கிழமை என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள், நித்திரையிலும் சொல்வேன். இது லொக்டவுன் காலத்தில் எனக்குத் தொற்றிய வருத்தம். மற்ற வருத்தம் வந்தவர்கள் இரண்டு கிழமையில் எழும்பிவிட்டார்கள்.

அப்போது எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். சிலர் பாண் சுட்டார்கள். சிலர் வளவில் கத்தரி நட்டார்கள். நான் டூங்கபியில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்து, அமெரிக்காவில் ஒரு காலத்தில் சூயிங்கத்தோடு சும்மா கொடுத்த கடதாசி மட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு விலை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் வேறு விலை. இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாம் மாதம், குசினியைத் திருத்தவென்று வைத்திருந்த காசில் ஒரு கார்டு வாங்கினேன். தோளில் அடிமட்டையைச் சாய்த்துக்கொண்டு ஒரு இளம் ஆட்டக்காரர் அதில் சிரித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார் என்பது பிறகு விளங்கியது.

“ஒரு வருசம் பொறு,” என்று மனைவிக்குச் சொன்னேன். “ஒரு குசினிக்குப் பதிலா ரெண்டு குசினிக் காசு வரும்.”

“ரெண்டு குசினி என்னத்துக்கு? ரெண்டிலயும் நான்தானே சமைக்கப்போறன்?” என்றாள். அலுமாரிக் கதவு ஒன்று பிணைச்சல் கழன்று தொங்கியது. அதை டேப் போட்டு ஒட்டிவிட்டு, சரி, ஒரு வருடம்தானே என்று விட்டுவிட்டாள்.

விலை ஆறு மாதம் ஏறியது. அந்த ஆறு மாதமும் வீட்டில் என்னைப்போல ஒரு மேதாவி கிடையாது. பிறகு இறங்கத் தொடங்கியது. முதலில் நான் பயப்படவில்லை. விளையாட்டுப் பருவம் முடிந்துவிட்டது, குளிர்காலத்தில் இப்படித்தான் என்றேன். பருவம் தொடங்கியது, இன்னும் இறங்கியது. டொலர்தான் காரணம் என்றேன். டொலருக்கு அது தெரியாது. உண்மைக் காரணம் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்: என்னைப்போல வீட்டில் சும்மா இருந்து வாங்கியவர்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். மூலை மழுங்காத முதல்தரக் கார்டுகள் மட்டும் விலை குறையாமல் நின்றன. என்னுடையது நடுத்தரம். நடுத்தரம்தான் எங்கேயும் அடிபடும். கார்டிலாவது அது நடக்காது என்று நினைத்திருந்தேன்.

இந்தச் சந்தையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் இறந்துபோனால் கொஞ்ச நாளைக்கு விலை ஏறும். என்னுடைய ஆள் உயிரோடு இருந்தார். தொண்ணூறு தாண்டி, நல்ல சுகத்தோடு. ஒருநாள் அவர் பிறந்தநாள் கேக் வெட்டும் படம் வந்தது. பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிசன், கேக் தின்கிறார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். கணினியை மூடிவிட்டு முகம் கழுவினேன். கார்டை விற்பது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

மெல்பனில், நோபல் பார்க்கில் ஒருவர் கிடைத்தார். தமிழ்நாட்டுத் தம்பி, பொறியியலாளர், பல வருடமாகக் கார்டு சேர்க்கிறவர். முன்பக்கப் படம் அனுப்பினேன். நான் வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்டச் சொன்னார். இரண்டு குசினி வராது, ஒன்று வரும். “மிச்சத்த நேர்ல பாத்துக்கலாம்ணா, சனிக்கிழமை வாங்க,” என்றார். மனைவி அன்றைக்கே குசினிக்காரரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னாள். மேசைக்கல்லுக்கு நிறமும் பார்த்துவிட்டாள்.

இதோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் புதன்கிழமை அதே கார்டு ஒன்று எங்கோ இன்னும் குறைந்த விலைக்குப் போனது. தம்பியும் அதைப் பார்த்திருப்பார், சனிக்கிழமை பேச்சை மாற்றுவார் என்று பயந்தேன். அன்றைக்கு வீட்டில் சரஸ்வதி பூசை. மகளின் கல்குலேட்டர், என் லப்டொப், கார்த் திறப்பு, மனைவியின் தையல் மெசின் எல்லாம் சாமித்தட்டுக்கு முன்னால் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். எனக்கு ஒரு யோசனை வந்தது.

கார்டைப் பிளாஸ்டிக் உறையோடு வைத்தேன். அருள் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகுமோ என்று சந்தேகம் வந்தது. உறையைக் கழற்றினேன். முன்பக்கத்தில் பொட்டு வைக்க நான் என்ன முட்டாளா? மிகவும் கவனமாகத் திருப்பி, பின்பக்கத்து மூலையில், மிளகளவு, ஒரே ஒரு பொட்டு வைத்தேன். படம் முன்னால்தானே இருக்கிறது, பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்பது என்னுடைய கணிப்பு.

அந்தக் காலத்துக் கடதாசி மட்டை, மை ஒற்றும் தாள் மாதிரி ஈரத்தை உறிஞ்சும். பொங்கல் படைத்து, தேவாரம் பாடி முடிப்பதற்குள் மிளகு இரண்டு சத நாணயக் குத்தியளவு ஆகிவிட்டது. ஈரப் பஞ்சால் துடைத்தேன். குங்குமமும் சேர்ந்து பரவி ஒரு சூரிய அஸ்தமனம் வந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, வாட் டிட் யூ புட் ஒன் இட்?”

“கத்தாத, அம்மாக்குக் கேக்கும்.”

“கேட்டிட்டுது,” என்றாள் மனைவி, பின்னால் நின்று.

மெல்பனுக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். விமான நிலையத்து ஸ்கேனரில் நிறம் மங்கிவிடும் என்று பயந்து நான் காரில் போனேன். பத்து மணித்தியாலம். ஏற்கெனவே கறை பிடித்த கார்டுக்கு இனி என்ன மங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வழி முழுக்க நான் சொல்லப்போகும் வசனங்களைப் பாடமாக்கினேன். ஒன்றில் நான் நேர்மையானவன். இன்னொன்றில் கறை வாங்கும்போதே இருந்தது. மூன்றாவதில் பின்பக்கம் பற்றிய பேச்சே இல்லை. கடைசியில் மூன்றாவதைத் தெரிவு செய்தேன்.

தம்பி கராஜைக் கார்டு வைக்கும் அறையாக மாற்றியிருந்தார். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலுமாரி, நடுவில் மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி. தேத்தண்ணி தந்தார். கார்டை முகம் மேலே தெரிய வைத்தேன். மூலை நாலையும் பார்த்தார். “சூப்பர்ணா, போட்டோல பாத்ததவிட நல்லாருக்கு,” என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்குமா?

“பின்பக்கம் பாக்கத் தேவையில்லைத்தானே?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கார்டைத் திருப்பாமலே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“அண்ணா, சந்தன வாசம் வருதே.”

பாடமாக்கிய வசனம் மூன்றையும் விட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சிரித்தார், கதிரையில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். “எங்கம்மா என் டிகிரி சர்டிபிகேட்ல மஞ்சள் தடவிட்டாங்கண்ணா. விசாவுக்குக் குடுக்கும்போது அந்த ஆபீசர் அத மோந்து பாத்தாரு.”

ஒரே சனம்தானே, விலையில் கை வைக்கமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றது. “ஆனா நாலுல ஒரு பங்குதான் தர முடியும். பக்திக்குன்னு தனி கிரேடு கிடையாதுண்ணா. வேணாம்னா எடுத்துட்டுப் போங்க, அடுத்த மாசம் இதுவும் வராது.”

கோபம் வந்தது. யாரில் கோபிப்பது? அவர் சொன்னது சரி. சந்தையும் ஒன்றும் பிழை செய்யவில்லை. பொட்டு வைத்த விரல் என்னுடையது. வெளியே போய் மனைவிக்குப் போன் அடித்தேன்.

“நாலில ஒண்டுதான் தருவாராம்.”

பின்னால் குசினிக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. “அப்ப கல் மாத்தேலாது,” என்றாள். “கதவுகள் மட்டும் மாத்துவம். குடுத்திட்டு வாங்கோ.”

“கொஞ்சம் பொறுத்தா விலை ஏறுமப்பா.”

“ஏறட்டும். அந்தப் பொடியன் நல்லா இருக்கட்டும். எனக்கு அடுத்த கிழமை கதவு வேணும்.” பிறகு, “காசை என்ரை எக்கவுண்டுக்குப் போடச் சொல்லுங்கோ. உங்கடைக்கு வந்தா வாற வழியில வேற ஒண்டு வாங்கிப்போடுவியள்.”

“சீச்சீ, எனக்கென்ன விசரே?” என்றேன்.

கராஜ் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடி அலுமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு கார்டு, மூலை நாலும் கூர், விலை இப்போதுதான் அடியில் கிடக்கிறது, இதற்குக் கீழே போக இடமில்லை. நான் அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அவளுடைய வங்கி இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.