வெள்ளைக் கைப்பட்டி

இண்டைக்கு வேலை முடிஞ்சு இஞ்ச ஜேர்மனியில எசன் ரயில் ஸ்ரேசனால வெளியில வாறன், வாசலில ஈரான் சனம் பச்சைத் துணியளோட நிக்குது. தேர்தலில கள்ள வாக்காம். அதைக் கேட்டுத் தெருவுக்கு வந்த பெடியளை அங்க அரசாங்கம் சுடுதாம்.

ஊர்வலம் இன்னும் வெளிக்கிடேல்ல. ஒழுங்கு பாக்கிற ஆக்கள் கையில வெள்ளைப் பட்டி கட்டாமல் நடக்க ஏலாது எண்டு பொலிஸ்காரர் சொல்லிப்போட்டார்.

என்ர கை தன்பாட்டில மழை ஜாக்கெட் பொக்கற்றுக்க போச்சுது. வன்னியில குண்டு விழேக்க நாங்களும் இதே வாசலிலதான் கிழமைக்கணக்கா நிண்டனாங்கள். அப்ப கட்டின பட்டியள் இன்னும் உள்ளுக்க கிடக்குது.

முன்னுக்கு நிண்ட ஈரான் பொம்பிளையிட்டைக் குடுத்தன். என்ர வயசுதான் இருக்கும். நான் அவவின்ர கையில ஒண்டைக் கட்டிவிடேக்க சொன்னா: "காலமை செய்தி பாத்தனீங்களோ? ஜேர்மன் அரசாங்கம் எங்களுக்காக ஆழ்ந்த கவலை தெரிவிச்சிருக்கு."

"ஓம். எங்களுக்கும் தெரிவிச்சவை."

"பிறகு?"

நான் முடிச்சை இறுக்கிக்கொண்டு நிண்டன். மே மாசம் வன்னியில எங்கட சனத்துக்கு நடந்ததை அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல மனம் வரேல்ல.

"அடுத்த கிழமை திருப்பித் தாறன்" எண்டா.

"வேண்டாம், வச்சிருங்கோ. கன நாளைக்குத் தேவைப்படும்."

எங்கட ஆக்களில இன்னும் ஆரிட்டையாவது பட்டியள் கிடந்தா சொல்லுங்கோ, சனிக்கிழமை அவையளின்ர ஊர்வலத்துக்குக் கொண்டுபோய்க் குடுப்பம். ஆழ்ந்த கவலை கொண்டுவர வேண்டாம். அது அவையளுக்குக் கிடைச்சிட்டுது.