மண்பானை மெஸ்கால்

பிராங்பேர்ட் மதுக்கூடம் ஒன்றில், மெக்சிகோவின் கற்றாழைச் சாராயமான மெஸ்காலைச் சுவைத்தே வகை சொல்லும் போட்டியின் கடைசிச் சுற்று நடக்கிறது. இங்கே மது பரிமாறும் யாழ்ப்பாணத்துச் சுகந்தி அக்கா, போன இரண்டு முறையும் இதே சுற்றில் தோற்றவர். கிண்ணத்தை முகர்கிறார். ஒரு வாய் பருகிக் கண்ணை மூடுகிறார்.

"தோபலா என்கிற காட்டுக் கற்றாழை. மண்குழியில் சுட்டு, செம்புக் கொப்பரையில் அல்ல, மண்பானையில் வடித்தது," என்கிறார் ஜெர்மனில்.

நடுவர் சிரித்தபடி போத்தலைத் திருப்பிக் காட்டுகிறார். கூடமே எழுந்து கைதட்டுகிறது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்கிறேன்.

"புகை எல்லாத்திலயும் இருக்கும். இதில பழ இனிப்புக்குப் பிறகு, மழை பெஞ்ச மண் வாசம் தொண்டையில நிக்குது. குடிச்சுப் பாருங்கோ."

குடிக்கிறேன். நிற்கிறது.

பரிசு, அதை வடிக்கும் ஊருக்கே ஒரு பயணம். எப்போது போகிறீர்கள் என்று கேட்கிறேன்.

"அடுத்த மாசம். லீவு போன கிழமையே எடுத்திட்டன்."