பதறாத மாஸ்டர் பதறிய கதை

"பதறாதீங்க. வண்டி உங்களை ஓட்டக்கூடாது, நீங்கதான் வண்டியை ஓட்டணும்." எதிரே லாரி வரும்போதும் மாஸ்டர் கொட்டாவி விட்டபடிதான் இதைச் சொல்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போடுகிறவர்களிடமும் கோபம் வராது. "மழை இல்லாதப்ப கண்ணாடி துடைக்கிறதும் நல்லதுதான்" என்பார்.

அப்படிப்பட்டவரை ஆட்டிவைத்தவள் அவருடைய நான்கு வயது மகள். வீட்டில் அவள் பெயர் 'வால்'. மாடிப்படியைத் தாவித் தாவி ஏறுகிறவள், கொஞ்ச நாளாகப் பாதியிலேயே உட்கார்ந்து, "அப்பா, தூக்கு" என்று கையை நீட்டினாள். பொம்மையை வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. குழந்தைகள் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

முடிவு கைபேசிக்கு வந்தது. எண்களுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிச் சில அம்புகள், மேல்நோக்கி ஒன்று. மாஸ்டர் ஒவ்வோர் அம்பாக இணையத்தில் தேடினார். எல்லாமே வாயால் சொல்லப் பயப்படும் வியாதியில்தான் கொண்டுபோய் விட்டன. மறுநாள் காலை வண்டி பழக வந்தவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டு, "மாஸ்டர், ஒண்ணும் சொல்லலையே?" என்று நடுங்கினார். "எந்த விளக்கு?" என்றார் மாஸ்டர்.

அன்று மாலை டாக்டரம்மா குழந்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தத்துல இரும்புச்சத்து ரொம்பக் குறைச்சல். சிவப்பணு சின்னதா, வெளிறிப்போய் இருக்கு. உடம்புக்குப் பிராணவாயு போதலை, அதான் சோர்வு. வெள்ளையணு சரியாத்தான் இருக்கு."

"மேல பாத்து ஒரு அம்பு நிக்குதே?"

"அது தட்டணு, பிளேட்லெட். இரும்பு குறைஞ்சா சிலருக்கு அது ஏறும். சரி, என்ன சாப்பிடுறா?"

"பால்தான் டாக்டர்! சோர்ந்து போறாளேன்னு இப்ப இன்னும் ரெண்டு டம்ளர் கூட்டிட்டேன்" என்றார், பெருமையாக.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வயிறு பூரா பாலை ஊத்திட்டா சோத்துக்கு எங்க இடம்? பால்ல இரும்பு அனேகமா கிடையாதுங்க."

குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவி அவரைப் பார்த்த பார்வையில் டம்ளரே உருகியிருக்கும்.

பால் குறைந்தது, கீரையும் முட்டையும் தட்டுக்கு வந்தன. இரும்பு மருந்தை ஆரஞ்சுச் சாற்றோடு கொடுத்தார்கள். குழந்தை கருப்பாக வெளிக்குப் போனதும் மாஸ்டர் மறுபடி அலறியடித்துப் போன் செய்தார். "அது மருந்தோட நிறம். பதறாதீங்க" என்றார் டாக்டரம்மா. மாஸ்டருக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை.

இரண்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ரத்தம் நன்றாகவே ஏறியிருந்தது. "மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. வெளியே நீண்ட தாழ்வாரம். வால் கையை உதறிக்கொண்டு, செருப்பு தடதடக்க ஓட்டம் பிடித்தாள். நர்ஸ் ஒருவர் சுவரோரம் ஒதுங்கினார்.

"ஏய், ஓடா..." என்று மனைவி குரலெடுத்தாள்.

மாஸ்டர் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார்.